மல்லிகைக்குக் கவாத்து செய்யும் முறை

நமது தர்மபுரி ஜில்லாவில் கிணற்றுப் பாசனமுள்ள செம்மண் நிலங்களில் மல்லிகை சாகுபடி நெடுங்காலமாக நடந்து வருகிறது. 2004-ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி தனி ஜில்லாவாகப் பிரிந்தபோது ஓசூரைச் சார்ந்த ரோஜாத் தோட்டங்கள் அதனுடன் சென்றுவிட்டன. ஆயினும் குண்டுமல்லி, சாமந்தி, சம்பங்கி, கனகாம்பரம் ஆகிய பூப்பயிர்கள் நம்மிடத்தில் குறைவின்றிப் பயிராகின்றன. ஒரு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் உள்ள குடியானவனுக்கு நாள்தோறும் கையில் காசு தரக்கூடிய பயிர் பூவைப்போல் வேறில்லை என்பதை யாவரும் அறிவர்.

எனினும் கிராமங்களில் சுற்றி வருகையில் எனக்கு அடிக்கடி சொல்லப்படும் குறை ஒன்று உண்டு. நட்ட மூன்று நான்கு ஆண்டுகள் வரையில் நன்றாகப் பூத்து வந்த தோட்டம் பிறகு தழையாகவே வளர்ந்து, பூ வரவரக் குறைந்துபோகிறது என்பதே அக்குறை. சிலர் மண்ணின் சாரம் போய்விட்டது என்கின்றனர். சிலர் மேன்மேலும் உரத்தைக் கொட்டுகின்றனர். கண்ணேறு பட்டது என்று சொல்வோரும் உளர். அத்தகைய தோட்டங்களைப் பார்வையிட்டதில் பெரும்பாலானவற்றில் நான் கண்ட காரணம் ஒன்றே. ஆண்டுதோறும் செய்யவேண்டிய கவாத்து அங்கே செய்யப்படவில்லை. அல்லது அஞ்சி அஞ்சி நுனியை மட்டும் கிள்ளி விட்டிருந்தனர்.

கார்த்திகை மாதம் கவாத்துக்குரிய காலம். ஆகையால் அதன் காரணத்தையும் முறையையும் விளக்கமாக எழுதலானேன்.

மல்லிகைக் கொடியின் இயல்பு

குண்டுமல்லி முழுக்கொடியும் அன்று, நிமிர்ந்து நிற்கும் செடியும் அன்று. தாங்குவதற்குக் கொம்பு கிடைத்தால் அதன்மேல் சாய்ந்து ஏறும். கிடைக்காவிட்டால் தரையில் தழைந்து படரும். இதன் மொட்டுகள் புதிதாக விடும் தளிர்களின் நுனியில், பெரும்பாலும் மும்மூன்றாகக் கொத்துக் கட்டித் தோன்றுகின்றன. முற்றிய பழங்கிளையில் நேராக மொட்டு வைப்பதில்லை. புதுத்தளிர் எத்தனையோ அத்தனை பூங்கொத்து என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கவாத்தின் தத்துவம் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது.

இனி, தளிர் எவ்வாறு மிகுதியாக வரும் என்று பார்ப்போம். ஒவ்வொரு இலைக் காம்பின் அடியிலும் ஒரு சிறு கண் உறங்கிக் கிடக்கிறது. கிளையின் நுனியில் ஊறும் ஒருவகைச் சத்து கீழ்நோக்கி இறங்கி, அக்கண்களை விழிக்கவொட்டாமல் தடுக்கிறது. நுனியை வெட்டிவிட்டால் இந்தத் தடை நீங்கி, வெட்டுவாய்க்குக் கீழேயுள்ள கண்கள் பலவும் ஒருங்கே துளிர்க்கின்றன. ஒரு கிளை நின்ற இடத்தில் மூன்று நான்கு தளிர்கள் கிளம்புவது இதனால்தான். தண்டிலும் வேரிலும் சேமித்து வைக்கப்பட்டுள்ள மாவுச்சத்து அத்தளிர்களுக்கு முதல் ஆகாரமாகிறது.

வெட்டப்படாத செடியில் நடப்பது இதற்கு மாறானது. கிளைகள் நீண்டு பின்னி, உட்புறத்தில் வெயிலும் காற்றும் புகாமல் இருள் அடைகின்றன. நிழலில் கிடக்கும் இலைகள் செடிக்கு ஆகாரம் தயாரித்துக் கொடுப்பதில்லை. வேர் இழுத்துக் கொடுக்கும் நீரும் எருவும் நீண்ட பழங்கிளைகளைக் காப்பதிலேயே செலவாகின்றன. அந்த இருளில் மொட்டுப்புழுவும் சிலந்திப்பூச்சியும் தங்கிப் பெருகுகின்றன.

காலம்

குண்டுமல்லிக்குக் கவாத்து செய்ய ஏற்ற காலம் நவம்பர் மாதத்தின் கடைசி வாரம், அதாவது கார்த்திகை இரண்டாம் வாரம் ஆகும். கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்தாரின் சிபாரிசும் இதுவே. ஜில்லாவின் பெரும்பகுதி கடல்மட்டத்திற்குச் சுமார் 1,500 அடி உயரத்தில் இருப்பதால் மார்கழி, தை மாதங்களில் குளிர் உறைக்கிறது. குளிரில் மல்லிகை இயற்கையாகவே ஓய்வு கொள்ளும். ஓய்வு தொடங்கும் சமயத்தில் வெட்டினால் செடிக்கு அதிர்ச்சி குறைவு. மேலும், வடகிழக்கு மழை ஓய்ந்து கிணற்றில் நீர் ஊறியிருக்கும் சமயம் அது. வெட்டிய செடி மெல்லத் துளிர்த்து, மாசி முழுவதும் தழைத்து, பங்குனியில் வெயில் ஏறும்போது மொட்டு வைக்கத் தயாராகிவிடும். தை மாதம் வரையில் தாமதித்தால் பூப்பருவமும் அந்த அளவுக்குப் பிந்திவிடும்.

முல்லைக்கும் ஜாதிமல்லிக்கும் காலம் வேறு. முல்லையை ஜனவரி மாதக் கடைசியில், அதாவது தை மாத நடுவில், தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுவது வழக்கம். ஜாதிமல்லியை மார்கழி, தை மாதங்களில், பூ அற்ற பின்பு வெட்டலாம்.

மழை பெய்துகொண்டிருக்கும்போதும், செடி ஈரமாக இருக்கும்போதும் கத்தியை எடுக்கலாகாது. இதை நான் பிறர் நஷ்டத்தில் கற்றேன். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், ஒரு தோட்டத்தில் செயல்விளக்கத்திற்கென நாள் குறித்து ஊராரையும் அழைத்துவிட்டேன். அன்று காலை வரையில் தூறல் நிற்கவில்லை. குறித்த நாள் தவறக்கூடாது என்ற பிடிவாதத்தால் ஈரத்திலேயே வெட்டிக் காட்டினேன். வெட்டுவாய்களுக்கு மருந்தும் பூசவில்லை. அடுத்த சில வாரங்களில் பல கிளைகள் வெட்டிய இடத்திலிருந்து கீழ்நோக்கிக் கறுத்துக் காய்ந்தன. நிலத்துக்காரர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. ஆனால் அந்த ஊரில் அதன்பின் இரண்டு ஆண்டுகள் ஒருவரும் கவாத்து என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. வானம் வெளுக்கும் வரையில் நான்கு நாள் பொறுத்திருந்தால் இது நேர்ந்திராது.

கவாத்து செய்யும் முறை

1. கவாத்துக்குச் சுமார் பத்துப் பதினைந்து நாள் முன்னதாக நீர் பாய்ச்சுவதை நிறுத்த வேண்டும். செடியின் துள்ளல் அடங்கி, ஆகாரம் தண்டிலும் வேரிலும் தங்க இது உதவும்.

2. ஒரு கோலை 50 சென்டிமீட்டர் நீளத்திற்கு அளந்து வெட்டி வைத்துக்கொள்க. இது ஒன்றரை அடிக்குச் சற்று மேலான அளவு. படர்ந்த கிளைகளைத் தூக்கி, தளர்வாகக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, கோலைத் தரையில் ஊன்றி அந்த உயரத்தில் வெட்டுக. கண்மதிப்பாக வெட்டும் ஆட்கள் முதல் வரிசையில் ஒரு முழமும், மாலையில் கடைசி வரிசையில் இரண்டு முழமுமாக விட்டுச் செல்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆளுக்கொரு கோல் கொடுத்துவிட்டால் இத்தவறு இராது.

3. கூரிய கவாத்துக் கத்தரியையே உபயோகிக்க வேண்டும். மொண்டை அரிவாளால் ஓங்கி வெட்டினால் தண்டு பிளந்து, பட்டை உரிந்துவிடும். வெட்டு, ஒரு கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக அமைய வேண்டும். கண்ணை ஒட்டி வெட்டினால் கண் காய்ந்துபோகும். மிகவும் மேலே வெட்டினால் எஞ்சிய துண்டு செத்து, நோய் புக வழியாகும்.

4. உயரத்தைக் குறைத்த பின் செடியின் உட்புறத்தைப் பார்த்து, காய்ந்த கிளை, நோயுற்ற கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, குச்சிபோல் மெலிந்த கிளை ஆகியவற்றை அடியோடு நீக்குக. நாற்புறமும் பரவி நிற்கும் திடமான கிளைகளை மட்டும் விடுக. செடியின் நடுவில் வெயில் விழுகிறதா என்பதே இதற்குச் சோதனை.

5. எஞ்சிய கிளைகளில் ஒட்டியிருக்கும் பழைய இலைகளைக் கையால் உருவிவிடுக.

6. நோயுள்ள செடிகளைக் கடைசியில் வெட்டுக. அவ்வாறு வெட்டிய கத்தரியைச் சாராயச் சத்தில் நனைத்த துணியால் துடைக்காமல் அடுத்த செடிக்குக் கொண்டு செல்லலாகாது.

7. வெட்டிய கழிவுகளைத் தோட்டத்திலேயே வரப்போரம் குவித்து வைப்பது பூச்சிகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். நோயும் பூச்சியும் கண்டவற்றை அன்றே அப்புறப்படுத்தி எரித்துவிடுக. சுத்தமான தழையைக் கம்போஸ்டுக் குழியில் இடலாம்.

வெட்டுவாய்க்குப் பூசும் மருந்து

விரல் பருமனுக்கு மேற்பட்ட தண்டுகளின் வெட்டுவாய்களுக்குப் போர்டோப் பசை பூசுவது நலம். மயில்துத்தம் 1 கிலோ, நீற்றாத சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 10 லிட்டர் என்பது அதன் அளவு. ஒரு பாத்திரத்தில் 5 லிட்டர் நீரில் துத்தத்தைக் கரைக்கவும். மற்றொன்றில் 5 லிட்டர் நீரில் சுண்ணாம்பை நீற்றிக் கரைத்து வடிகட்டவும். இரண்டும் ஆறிய பின், துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கவும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே தகும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலவையில் பளபளப்பான கத்தியைச் சற்று நேரம் அமிழ்த்தி எடுத்தால் செம்புநிறம் படியலாகாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றன்று வேண்டிய அளவே கலந்துகொள்க. சிறு தோட்டத்திற்கு இந்த அளவில் பத்தில் ஒரு பங்கு போதும்.

எருவும் நீரும்

கவாத்து செய்து ஏழெட்டு நாட்களுக்குப் பின், செடியைச் சுற்றி ஆணிவேர் அசையாதவாறு லேசாகக் கொத்தி, மண்ணை இரண்டொரு நாள் வெயிலில் ஆறவிடுக. மண்ணில் கிடக்கும் கூட்டுப்புழுக்கள் வெளிப்பட்டுப் பறவைகளுக்கு இரையாகும். பிறகு செடி ஒன்றுக்கு நன்றாக மக்கிய தொழு உரம் 10 கிலோ இட வேண்டும்.

ரசாயன உரத்தில், முழு வளர்ச்சியடைந்த செடி ஒன்றுக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல் சத்து 120 கிராம் என்பது சிபாரிசு. இதை இரு பகுதியாக்கி, முதற்பகுதியைக் கவாத்துக்குப் பின்பும், மறுபகுதியை ஆனி, ஆடி மாதங்களிலும் இடுதல் வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், மியூரேட் ஆப் பொட்டாஷ் 100 கிராம் என்று கணக்காகிறது. தண்டிலிருந்து ஒரு ஜாண் தள்ளி வட்டமாகப் பள்ளம் பறித்து, இட்டு மூடி, உடனே நீர் பாய்ச்சுக. மண்ணைப் பரிசோதித்துப் பார்த்து இவ்வளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். பாப்பாரப்பட்டியிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரை இதற்கு அணுகலாம்.

துளிர் காணும் வரையில் நீர் அளவாக இருக்கட்டும். இலையற்ற செடி நீரை அதிகம் குடிப்பதில்லை. வேரில் நீர் தேங்கினால் அழுகல் நோய் வரும். இளந்தளிர்களில் செஞ்சிலந்தி கண்டால் நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து, வெயில் தாழ்ந்த நேரத்தில் தெளிக்கலாம்.

குடியானவர்கள் சொல்லும் ஆட்சேபங்கள்

“மார்கழி, தை மாதங்களில்தான் பூ விலை ஏறுகிறது. அச்சமயத்தில் செடியை மொட்டையடித்து விட்டு உட்காரச் சொல்கிறீரே” என்பது முதல் ஆட்சேபம். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பொங்கலையொட்டிச் சேலம், பெங்களூர் சந்தைகளில் மல்லிகைக்கு ஏறும் விலையைக் கண்டு எவருக்கும் ஆசை பிறக்கும். ஆனால் அந்த விலை ஏன் ஏறுகிறது? குளிரில் எவர் தோட்டத்திலும் பூ இல்லாததனால் ஏறுகிறது. நம் தோட்டமும் அவற்றில் ஒன்றேயாகும். கைப்பிடியளவு பூவுக்கு அதிக விலை பெற்று, பங்குனி முதல் ஆவணி வரையில் கூடைகூடையாக வரவேண்டிய பூவை இழப்பது லாபமாகாது. நன்கு பராமரிக்கப்பட்ட குண்டுமல்லித் தோட்டம் ஏக்கருக்கு ஆண்டில் 3,500 கிலோ வரையில் பூ தரக்கூடியது. அதில் மிகப் பெரும்பகுதி வெயில் மாதங்களிலேயே வருகிறது.

பென்னாகரம் தாலூகாவில் ஒரு பெரியவர் இவ்வாறே என்னோடு வாதாடினார். முடிவில், “உமது பேச்சுக்கு இரண்டு வரிசை தருகிறேன், மற்றதைத் தொடாதீர்” என்றார். இரண்டு வரிசையை வெட்டினோம். மார்கழி முழுவதும் அவர் மற்ற வரிசைகளில் சிறிது பூ எடுத்து, நல்ல விலைக்கு விற்று, என்னைக் காணும்போதெல்லாம் அதை எடுத்துச் சொல்லத் தவறவில்லை. நானும் கேட்டுக்கொண்டேன். மாசியில் வெட்டிய வரிசைகள் பச்சைப்பசேலென்று துளிர்த்தன. பங்குனியிலிருந்து அவர் வீட்டம்மாள் அவ்விரண்டு வரிசைப் பூவையும், பக்கத்து இரண்டு வரிசைப் பூவையும் தனித்தனியே பறித்து நிறுத்து, சுவரில் கரியால் கோடிட்டு வந்தார். ஆடி மாதம் நான் சென்றபோது பெரியவர் ஒன்றும் பேசாமல் சுவரைக் காட்டினார். அவ்வாண்டு கார்த்திகையில் தோட்டம் முழுவதையும் வெட்டுவதற்கு அவரே ஆள் பிடித்து வைத்துவிட்டு எனக்குச் சொல்லியனுப்பினார்.

ஆகையால் என் சொல்லை நம்ப வேண்டுமென்று எவரையும் நான் கேட்பதில்லை. இரண்டு வரிசையை வெட்டி, இரண்டு வரிசையை விட்டு, நிறுத்துப் பாருங்கள். தராசு பட்சபாதம் செய்யாது.

எல்லாப் பூவும் ஒரே சமயத்தில் வந்து விலை விழுந்துவிடும் என்று அஞ்சுவோர் தோட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கார்த்திகை இரண்டாம் வாரத்திலும், மறுபாதியை அதிலிருந்து இரண்டு மூன்று வாரம் கழித்தும் வெட்டலாம். பூப்பறிக்க ஆள் கிடைக்காத ஊர்களில் இம்முறை மிகவும் அனுகூலமானது.

இரண்டாவது ஆட்சேபம், “பூக்கும் கொடியை வெட்டுவது பாவமல்லவா?” என்பது. பெண்மக்கள் இதை மிகவும் மனத்தில் கொள்கின்றனர். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கதையை நாம் குழந்தைப் பருவம் முதல் கேட்டு வருகிறோம். ஔவையாரை ஆதரித்த அதியமானின் தகடூரே இன்றைய தர்மபுரி. இத்தகைய நாட்டில் கொடியின்மீது இரக்கம் இருப்பது இயல்பே. ஆயினும் பற்றுக்கோடு இன்றித் தவித்த கொடிக்குப் பாரி வேண்டியதைக் கொடுத்தான். தன் தழையின் பாரத்தால் தானே மூச்சுத்திணறும் கொடிக்கு வேண்டியது கத்தரியாகும். ஆண்டுதோறும் கவாத்து பெற்ற தோட்டம் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு வரையில் பலன் தருகிறது. இரக்கப்பட்டு விட்டுவைத்த தோட்டத்தை இடையிலேயே வேரோடு பிடுங்கிவிடுகிறோம். எது இரக்கம் என்று யோசிக்க வேண்டும்.

பல ஆண்டுகள் வெட்டாமல் விட்ட கிழச்செடிகளை மட்டும் ஒரே ஆண்டில் முழுவதும் குறைத்துவிட வேண்டாம். முதல் ஆண்டில் பாதிக் கிளைகளையும், மறு ஆண்டில் மீதியையும் குறைத்தால் செடி தாங்கிக்கொள்ளும்.

வீட்டுக் கொடிகள்

வாசற்பந்தலிலும் தொட்டியிலும் வளரும் கொடிகளுக்கும் தத்துவம் இதுவே. முறையில் சிறிது மாறுதல் உண்டு. பந்தலில் ஏறிய முல்லையைத் தரையோடு வெட்டினால் பந்தலை மறுபடி எட்ட நாளாகும். ஆகவே, ஏறும் தாய்த்தண்டுகள் இரண்டு மூன்றை அப்படியே விட்டு, பந்தலின் மேல் படர்ந்த பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கண் விட்டு வெட்டுக. தொட்டி மல்லிகையை ஒரு ஜாண் உயரத்திற்குக் குறைத்து, மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது எருமண் இடலாம். பூப்பருவத்தில் ஒவ்வொரு கொத்தும் பூத்து முடிந்தவுடன், அந்தத் தளிரின் நுனியை இரண்டு கண் அளவுக்குக் கிள்ளி வந்தால், அடுத்த தளிரும் அடுத்த மொட்டும் விரைவில் வரும்.

ஆனால் எல்லாக் கொடிக்கும் இவ்விதி பொருந்தாது. காகிதப்பூவும் இரங்கூன் மல்லியும் புதுத்தளிரில் பூப்பவை. பூத்து ஓய்ந்தபின் தாராளமாக வெட்டலாம். ஹோயா என்னும் மெழுகுப்பூக் கொடியோ, சென்ற ஆண்டு பூத்த அதே காம்பில் மறுபடியும் பூக்கும். உதிர்ந்த பூவின் காம்பை அழகுக்காக வெட்டினால் அடுத்த ஆண்டுப் பூவையும் சேர்த்து வெட்டியதாகும். எந்தக் கொடியாயினும் எங்கே பூக்கிறது என்பதை ஒரு பருவம் கவனித்துப் பார்த்து, பிறகு கத்தரியை எடுக்க வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு

கவாத்து செய்த மல்லிகைத் தோட்டம் கார்த்திகை முதல் தை வரையில் இலையற்ற குச்சிகளாகக் காட்சியளிக்கும். பயிர்ப் பார்வைக்கு வரும் கிராம அதிகாரிகள் அதைத் தரிசு என்றோ, பட்டுப்போன பயிர் என்றோ எண்ணிவிடலாகாது. அடங்கலில் நிற்கும் பூப்பயிர் என்றே அது பதிவாக வேண்டும். பின்னர் கடனுக்கோ, வெள்ளம் வறட்சிக் காலத்து நிவாரணத்திற்கோ குடியானவனுக்கு ஆதாரமாவது அந்தப் பதிவே. நிலத்துக்காரர்களும் பயிர்ப் பார்வையின்போது உடனிருந்து, பதிவைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

முடிவாக நினைவிற்கொள்ள வேண்டியவை: பூ வருவது புதுத்தளிரில், ஆகவே ஆண்டுக்கொரு முறை தவறாமல் வெட்டுக. குண்டுமல்லிக்குக் கார்த்திகை இரண்டாம் வாரமே காலம், மழையில் வெட்டற்க. அளவு 50 சென்டிமீட்டர். கோலால் அளந்து வெட்டுக. வெட்டியபின் மருந்தும், எருவும், அளவான நீரும் கொடுக்க மறவற்க. ஐயமுள்ளோர் இவ்வாண்டு இரண்டு வரிசையில் மட்டும் செய்து பார்த்து, ஆடி மாதத்தில் தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்துக்கொள்வார்களாக.